ரிப் வான் விங்கிளின் மனைவி பேசாத கதை

கடிதம்

இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு வாசகி, நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொலைநிலைக் கல்வியில் இளங்கலை ஆங்கில இலக்கியம் படித்து வருகிறார். அமெரிக்க இலக்கியத் தாளில் வாஷிங்டன் இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’ சிறுகதை பாடமாக இருக்கிறது. மலைக்குள் போய் அங்கே கண்ட விசித்திர மனிதர்களின் மதுவை அவர்கள் பார்க்காதபோது குடித்துவிட்டு இருபது ஆண்டுகள் உறங்கி, விழித்துத் திரும்பும்போது பிரிட்டிஷ் மன்னராட்சி போய் நாடே மாறிக் கிடப்பதைக் காணும் ஒரு கிராமத்தானின் கதை அது. ரிப்பின் குணச்சித்திரத்தை ஆராயும்படி கேட்ட அசைன்மென்டில், அவன் பொறுப்பற்றவன் என்றும், அவன் மனைவிதான் பாதிக்கப்பட்டவள் என்றும், அவளை வாயாடியாகக் காட்டும் இர்விங் பெண்களை வெறுப்பவர் என்றும் வாசகி எழுதினார். 25-க்கு 9 மதிப்பெண் வந்தது. “சொந்தக் கருத்து வேண்டாம், மூலத்திலிருந்து எழுதவும்” என்று திருத்தியவர் குறித்திருக்கிறார். கைடில் இருந்ததை அப்படியே எழுதிய தோழிக்கு 17.

“என் கணவரும் இப்படித்தான். தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தல்கால் நடுவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை முன்னால் நிற்பார். எங்கள் வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகுவது அவர் கண்ணில் படாது. கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் தவறா? தேர்வில் கைடு சொல்வதையே எழுதிவிடட்டுமா? மறுமதிப்பீடு கேட்கலாமா? அந்தப் பழைய ஆங்கிலமும் புரிபடவில்லை, சுருக்கப் பதிப்பை வைத்துத்தான் ஒப்பேற்றினேன்” என்பது அவர் கடிதத்தின் சாரம்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த அசைன்மென்டின் நகலையும் படித்தேன். ஆங்கில இலக்கியம் கற்பிப்பதும் விடைத்தாள் திருத்துவதுமே தொழிலாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரிப்பைப் பற்றிய உங்கள் முடிவு பெரும்பாலும் சரியானதே, ஆனால் அந்த முடிவுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தீர்கள் என்பது தாளில் இல்லை. திருத்தியவர் எழுதிய குறிப்பும் பாதிதான் சரி. மூலத்திலிருந்து எழுதச் சொன்னது நியாயம். சொந்தக் கருத்தே கூடாது என்றது நியாயமில்லை. மூலத்தைச் சான்றாகக் காட்டி எழுதப்படும் சொந்தக் கருத்துக்குத்தான் இலக்கிய விமர்சனம் என்று பெயர். உங்கள் கோபம் தவறில்லை, அது கட்டுரையாக வேண்டுமானால் கதைக்குள் அதற்கு ஆதாரம் தேட வேண்டும். தேடினால் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைக்கும்.

சொல்பவர் இர்விங் அல்லர்

மனைவியைப் பழிக்கும் வரிகளையெல்லாம் நீங்கள் ‘இர்விங் கூறுகிறார்’ என்று மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அங்கேதான் கட்டுரை சறுக்குகிறது. இக்கதை 1819-இல், பகுதி பகுதியாக வெளிவந்த ஒரு தொகுப்பின் முதல் பகுதியில் இடம்பெற்றது. அந்தத் தொகுப்பை எழுதியவராக நூலில் காட்டப்பட்டவர் ஜெஃப்ரி கிரேயன் என்ற கற்பனைக் கனவான். அந்தக் கிரேயனும் கதை தம்முடையது என்று சொல்வதில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த காலஞ்சென்ற டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்ற முதியவரின் காகிதக் கட்டில் கிடைத்தது என்கிறார். அந்த நிக்கர்பாக்கரும் 1809-இல் ஒரு கேலி வரலாற்று நூலுக்காக இர்விங் உருவாக்கிய ஆள்தான். ஆகவே, மனைவியைப் பற்றிய ஒவ்வொரு வசையும் ஒன்றுக்குள் ஒன்றாக அணியப்பட்ட இரண்டு முகமூடிகளைக் கடந்து நம்மிடம் வருகிறது.

அந்த நிக்கர்பாக்கர் எப்படிப்பட்ட சாட்சி என்பதையும் கதையின் முன்குறிப்பு சொல்லிவிடுகிறது. அவர் புத்தகங்களைவிட மனிதர்களிடம்தான் வரலாறு தேடினாராம். டச்சுக் குடும்பத்துப் பெரியவர்களிடமும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய மனைவியரிடமும் கதை கேட்டுச் சேர்த்தாராம். அவருடைய நூலின் தலையாய சிறப்பு அணுவளவும் பிசகாத துல்லியம் என்று முழங்கிவிட்டு, இறந்துபோனவரைப் பற்றி இதைச் சொல்வதால் கெடுதல் ஒன்றுமில்லை என்ற பீடிகையோடு, அவர் தம் நேரத்தை இன்னும் கனமான வேலைகளில் செலவிட்டிருக்கலாம் என்றும் அந்தக் குறிப்பு இடிக்கிறது. சொந்தக் காரியத்தை விட்டுவிட்டு ஊர்க்கதை பொறுக்கித் திரிந்தவர் ரிப்புக்காகப் பரிந்து பேசுவதில் வியப்பென்ன? கதையின் கடைசியில் அவர் தரும் ஆதாரம் இன்னும் அழகு: ரிப்போடு தாமே பேசியதாகவும், கிராமத்து நீதிபதி ஒருவர் தம் கைப்படச் சிலுவைக் குறியிட்டுச் சான்றளித்த பத்திரத்தைக் கண்டதாகவும் சொல்கிறார். தம் பெயரைக்கூட எழுதத் தெரியாத நீதிபதி! கைடுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுகிற இந்த முன்குறிப்பும் பின்குறிப்பும் இல்லாமல் படித்தால், இது குழந்தைகளுக்கான ஒரு தூங்குமூஞ்சிக் கதையாகச் சுருங்கிவிடும்.

இரண்டு வேலிகள்

குணச்சித்திரம் எழுதும் மாணவர்கள் பொதுவாகச் செய்வது, கதைசொல்லி பயன்படுத்தும் அடைமொழிகளை வரிசையாக எடுத்து அடுக்குவது. ரிப் எளியவன், நல்ல மனம் படைத்தவன், அன்பான அண்டைவீட்டான், மனைவிக்கு அடங்கிய கணவன். உங்கள் தோழி எழுதியதும் இதுவாகத்தான் இருக்கும். அடைமொழியை ஒரு பக்கமும் அவன் செய்த செயலை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். கதையின் உயிர் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

இர்விங் அதை எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார் என்பதற்கு வேலிகளைப் பாருங்கள். ஊரில் யாருக்காவது கல்வேலி கட்ட ஆள் வேண்டுமென்றால், மக்காச்சோளம் உரிக்கக் கை வேண்டுமென்றால், ரிப் முதல் ஆளாகப் போய் நிற்கிறான். அவனுடைய நிலத்திலோ வேலி சரிந்துகொண்டே இருக்கிறது, பசு வழிதவறிப் போகிறது அல்லது முட்டைக்கோசுக்குள் புகுந்து மேய்கிறது, களை வேறு எவன் நிலத்தையும்விட வேகமாக வளர்கிறது, அவன் வெளிவேலையைத் தொடங்கும் நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொள்கிறது. இந்த வரிகளில் பேசுவது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலக்கணப்படி அது கதைசொல்லியின் வாக்கியம்தான். ஆனால் மழை தனக்கு எதிராகவே சதி செய்கிறது என்ற நியாயத்தைப் பேசும் குரல் ரிப்பினுடையது. மேற்கோள் குறி இல்லாமலேயே பாத்திரத்தின் சாக்குப்போக்கைக் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் நுழைத்துவிடும் இந்த உத்தியை விளக்கி இரண்டு பத்தி எழுதியிருந்தால், உங்கள் கட்டுரைக்கு 9 மதிப்பெண் வந்திருக்காது.

சோம்பேறி என்ற ஒற்றைச் சொல்லும் ரிப்புக்குப் பொருந்தாது. இங்கே உங்களைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. தார்த்தாரிய வீரனின் ஈட்டிபோல நீண்டு கனத்த தூண்டிலைப் பிடித்துக்கொண்டு, ஈரப்பாறையில் உட்கார்ந்து, ஒரு மீன்கூடக் கடிக்காவிட்டாலும் முணுமுணுக்காமல் நாள் முழுக்கக் காத்திருக்க அவனால் முடிகிறது. சில அணில்களுக்காகத் துப்பாக்கியைத் தோளில் சுமந்து காடு மேடெல்லாம் அலைய முடிகிறது. உழைப்பு அவனுக்கு வெறுப்பில்லை. வருமானம் தரும் உழைப்புதான் வெறுப்பு. அமெரிக்கச் சிந்தனையில் உழைப்பும் சிக்கனமும் அறமாகவே போற்றப்பட்ட காலத்தில், குடும்ப வணிகம் நொடித்து 1818-இல் திவாலாகி, இங்கிலாந்தின் பர்மிங்காமில் சகோதரியின் வீட்டில் தங்கியிருந்த ஒருவர் இப்படி ஒரு மனிதனைப் படைத்தார் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். அதற்காக இர்விங்தான் ரிப் என்று எழுதிவிடாதீர்கள்.

அவனிடம் அன்பு இருக்கிறது என்பதையும் கோபத்தில் விட்டுவிட்டீர்கள். ஊர்க் குழந்தைகளுக்குப் பட்டம் விடவும் கோலி ஆடவும் கற்றுத்தருகிறான், பேய்க்கதை சொல்கிறான், அக்கம்பக்கத்தில் ஒரு நாய்கூட அவனைப் பார்த்துக் குரைப்பதில்லை. அவன் பிள்ளைகளோ யாருக்கும் பிறக்காதவர்கள்போலக் கந்தலில் திரிகிறார்கள்; தந்தை கழித்துப்போட்ட தொளதொளத்த கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மகன் ஓடுகிறான். ஊர்ப் பிள்ளைகளின் கொண்டாட்டத்தையும் வீட்டுப் பிள்ளைகளின் கந்தலையும் ஒரே கட்டுரையில் வைக்கும்போதுதான் ரிப் முழு மனிதனாகத் தெரிவான்.

மனைவியின் தரப்பு

நீங்கள் உணர்ந்தும் நிறுவாமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் ரிப் பேசுகிறான். தன் நாயிடம்கூட, உன் எசமானி உன்னைப் பாடாய்ப் படுத்துகிறாள், நான் இருக்கும்வரை உனக்குத் துணை உண்டு என்று ஆறுதல் சொல்கிறான். கூட்டத்திலிருந்து தள்ளாடி வந்து அவனை அடையாளம் காணும் கிழவி பேசுகிறாள், மகள் பேசுகிறாள். மனைவிக்கு மட்டும் நேர்ப்பேச்சாக ஒரு வரி கிடையாது. அவளுக்குச் சொந்தப் பெயரும் கிடையாது. திருமதி வான் விங்கிள், அவ்வளவுதான். அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பிறர் சொல்லி வந்தவை.

அந்தப் பிறர் யார்? குடும்பச் சண்டை பற்றிப் பேச்சு வந்தால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ரிப்பின் பக்கமே சேர்ந்து, பழியை அவன் மனைவி தலையில் போடுவார்கள் என்கிறார் கதைசொல்லி. சற்றுத் தள்ளி, தங்கள் கணவன்மார் செய்ய மறுக்கும் சில்லறை வேலைகளுக்கெல்லாம் ரிப்பை ஏவிக்கொள்பவர்களும் அதே பெண்கள்தான் என்கிறார். அவன் உழைப்பின் பலனை அனுபவிப்பவர்களின் சாட்சியத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்ற கேள்வியைக் கதையே எழுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் கடந்துபோகிறது. நிக்கர்பாக்கர் யாரிடம் கதை சேகரித்தார் என்று முன்குறிப்பு சொன்னதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஓயாமல் சொல்லிக் காட்டியதாகச் சொல்லப்படும் குறைகள் மூன்று: அவனுடைய சோம்பல், கவனக்குறைவு, குடும்பத்தை அவன் கொண்டுபோய்ச் சேர்க்கும் அழிவு. மூன்றையும் கதைசொல்லியே மெய்ப்பிக்கிறார். தந்தை வழி நிலம் அவன் பொறுப்பில் ஏக்கர் ஏக்கராகக் கரைந்து, கடைசியில் கொஞ்சம் சோளமும் உருளைக்கிழங்கும் விளையும் துண்டாக நின்றது என்றும், அந்தத் துண்டும் அந்த வட்டாரத்திலேயே சீர்கெட்டது என்றும் அவர்தான் எழுதுகிறார். பிறகு, இருபது ஆண்டு உறக்கம் கலைந்து, கூரை இடிந்து கிடக்கும் தன் வீட்டுக்குள் ரிப் நுழையும்போது ஒரு சிறு இடைச்சொருகல் வருகிறது: உண்மையைச் சொல்வதானால், அந்த வீட்டை அவள் எப்போதும் நேர்த்தியாகத்தான் வைத்திருந்தாள். போகிறபோக்கில் விழும் அந்த வாக்கியம்தான் என் பார்வையில் உங்கள் முழுக் கட்டுரைக்குமான திறவுகோல். அந்த வெறுமையைக் கண்டு பயமெல்லாம் மறந்து, மனைவியையும் பிள்ளைகளையும் உரக்கக் கூப்பிடுகிறான் ரிப். பதில் இல்லை.

இதற்காக இர்விங்கை முற்றிலும் விடுவித்துவிடவும் வேண்டாம். முகமூடியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். மனைவியின் மரணச் செய்தியில், ஊர் ஊராகச் சுற்றி விற்கும் வியாபாரி ஒருவனிடம் கோபப்பட்டு இரத்தக்குழாய் வெடித்து இறந்தாள் என்ற செய்தியில், ஒரு துளி ஆறுதல் இருந்ததாகச் சிரிக்க வைப்பவரும் அவர்தான். மனைவிக்கு அஞ்சும் கணவர்கள் எல்லோரும் ரிப் குடித்த அந்த மதுவில் ஒரு மிடறு கிடைக்காதா என்று ஏங்குவதாகத்தான் கதை முடிகிறது. இந்தச் சிரிப்பில் பெண் வாசகர் எந்த இடத்தில் நின்று பங்கெடுப்பது என்று பெண்ணிய விமர்சகர் ஜூடித் ஃபெட்டர்லி 1978-இல் வெளியிட்ட ‘தி ரெசிஸ்டிங் ரீடர்’ என்ற நூலில் இதே கதையை எடுத்துக்கொண்டு வாதிட்டிருக்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வராமல் போனதற்கு விமர்சன உலகில் நல்ல துணை இருக்கிறது. “இர்விங் பெண்களை வெறுப்பவர்” என்ற வரியை அடித்துவிட்டு, “மனைவியைக் கேலி செய்யும் நகைச்சுவை மரபில் இக்கதை நிற்கிறது; ஆயினும் அந்தக் கேலியைக் கேள்விக்கு உட்படுத்தும் சான்றுகளையும் தன்னகத்தே கொண்டிருக்கிறது” என்று எழுதுங்கள். முதல் வரி ஒரு மனிதரின் உள்ளத்தைப் பற்றியது, அதை உங்களால் நிறுவ முடியாது. இரண்டாவது வரி கதையைப் பற்றியது, அதை யாராலும் மறுக்க முடியாது.

இன்னொரு வாசிப்பையும் கைடுகள் அழுத்திச் சொல்லும்: மனைவி என்பவள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் உருவகம், அவளிடமிருந்து ரிப் விடுபட்டது அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து விடுபட்டதற்கு ஒப்பு என்பது அது. ஆட்சிகள் மாறியது ரிப்பை அவ்வளவாகப் பாதிக்கவில்லை, அவன் முனகிக் கிடந்த ஒரே கொடுங்கோன்மை பாவாடை ஆட்சிதான் என்று கதையிலேயே வருவதால், இதற்கு ஆதாரம் உண்டு. எனினும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். விழித்து வந்த ரிப், தேர்தல் கூட்டத்தின் நடுவில், தான் மன்னரின் விசுவாசமான குடிமகன் என்று அறிவித்து, உளவாளி என்று பிடிபடப் பார்க்கிறான். விடுதிப் பெயர்ப்பலகையில் இருந்த மன்னர் படத்தின் சிவப்புக் கோட்டு நீலமாகி, செங்கோல் வாளாகி, அடியில் ஜெனரல் வாஷிங்டன் என்று எழுதப்பட்டிருக்கிறது. முகம் மட்டும் பழைய முகம். புரட்சி எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று கேட்கும் ஒரு படத்தை, விடுதலைக்கான நேரடி உருவகமாகச் சுருக்குவது பொருந்தாது.

மொழி ஏன் புரிபடவில்லை

உங்களைத் தடுப்பது பழைய சொற்கள் என்று நினைக்கிறீர்கள். அகராதி அதற்குப் போதும். தடுப்பது தொனி. ஓர் அற்ப விஷயத்தை நீதிமன்றத் தீர்ப்பின் கம்பீரத்தோடு சொல்வதுதான் இந்தக் கதைசொல்லியின் வழக்கம். ஓர் இடத்தைக் கூர்ந்து பாருங்கள்: வீட்டில் கண்டிப்பான மனைவியிடம் இருப்பவர்களே வெளியில் பணிவாக நடப்பார்கள், இல்லறத் துன்பம் என்னும் உலையில்தான் அவர்கள் சுபாவம் இளகி வளைகிறது, படுக்கையறையில் மனைவி நடத்தும் உபதேசம் உலகத்துப் பிரசங்கங்களையெல்லாம்விடப் பொறுமையைக் கற்றுத்தரும், ஆகவே, சண்டைக்கார மனைவி ஒருவகையில் பாக்கியம்தான், அப்படியானால் ரிப் மும்மடங்கு பாக்கியசாலி. ஒவ்வொரு படியும் தர்க்கம்போலவே நடக்கிறது, போய்ச் சேரும் இடம் அபத்தம். இதை ‘ஆசிரியரின் கருத்து’ என்று மேற்கோள் காட்டினால் எள்ளல் கைநழுவிப் போகும். உங்கள் கட்டுரையில் நேர்ந்தது அதுதான்.

எனவே மூலத்தை வாய்விட்டுப் படியுங்கள். நீண்ட வாக்கியத்தில் முதன்மை வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிட்டால் மற்றவை தாமாகப் பிரியும். ‘ஐயமின்றி’, ‘நிச்சயமாக’, ‘உண்மையைச் சொல்வதானால்’ என்ற பொருள் தரும் தொடர்கள் வரும் இடங்களைத் தனியே குறித்துவையுங்கள். கதைசொல்லி மிக உறுதியாகப் பேசும் இடங்களில்தான் சந்தேகத்துக்கு வேலை அதிகம். ரிப் தன் கதையை முதலில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகச் சொன்னானாம். அப்போதுதான் விழித்திருந்தான் என்பதே ஐயமின்றி அதற்குக் காரணமாம்! சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டப்படுவது இத்தகைய வாக்கியங்கள்தான், ஆகையால் அதைக் கதைப்போக்கு அறிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலம் பதிப்புரிமை கடந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பூர்வகுடி மக்களின் தொன்மங்களைச் சொல்லும் பின்னிணைப்பு இர்விங் பிற்காலத்தில் சேர்த்தது என்பதால் சில பதிப்புகளில் இராது.

மதிப்பெண்ணும் தேர்வும்

கைடை அப்படியே எழுதினால் ஆபத்தில்லாத ஒரு மதிப்பெண் கிடைக்கக்கூடும். ஆனால் கேள்வி சற்றுத் திரும்பி, கதைசொல்லியின் நம்பகத்தன்மையைப் பற்றியோ எள்ளலைப் பற்றியோ கேட்டால் கைடு கைகொடுக்காது. நான் பரிந்துரைப்பது நடுவழி. வழக்கமான வாசிப்பை முதலில் ஒரு பத்தியில் நேர்மையாகச் சொல்லுங்கள். பிறகு வேலி, ஊர்ப் பெண்களின் சாட்சியம், நேர்த்தியான வீடு ஆகிய மூன்றையும் கொண்டு அதை அசைத்துப் பாருங்கள். எதிர்க்கருத்தை அறிந்தே மறுக்கிறார் என்று தெரிந்தால், உங்களோடு உடன்படாத திருத்துநரும் மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்குவார். “இப்படிப்பட்ட ஆண்களை நான் அறிவேன்” என்று கட்டுரையில் எழுதியிருந்த இரு வரிகளை எடுத்துவிடுங்கள். ஒழுகும் குழாய் உங்களைச் சரியான கேள்விக்குக் கொண்டுவந்து சேர்த்தது, அதன் பணி அங்கே முடிந்தது.

மறுமதிப்பீட்டைப் பொறுத்தவரை விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். அசைன்மென்டுக்கு ஒரு விதியும் பருவத் தேர்வுக்கு வேறொரு விதியும் இருக்கக்கூடும் என்பதால் உங்கள் மாணவர் கையேட்டை முதலில் பாருங்கள். திருத்தப்பட்ட தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பார்வையிடத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பார்க்கும் உரிமை வேறு, மறுபடி திருத்தக் கேட்கும் உரிமை வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். உங்கள் நிலையில் நான் இந்த 9-க்காக மனு எழுத மாட்டேன். கட்டுரையை மேலே சொன்னபடி திருத்தி எழுதி, அடுத்த தொடர்பு வகுப்பில் பாட ஆசிரியரிடம் கொடுத்து, சான்றுகள் போதுமா என்று மட்டும் கேட்பேன். மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை எடுக்காமல் கேட்டால் பதில் நன்றாகக் கிடைக்கும்.

திருத்தி எழுதும்போது ரிப்பின் மகனுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். தந்தையின் அச்சாக மரத்தில் சாய்ந்து நிற்கும் அவனைப் பார்த்துத்தான் ரிப்புக்குத் தான் யார் என்பதே குழம்பிப் போகிறது. பண்ணை வேலைக்கு அமர்த்தப்பட்ட அவன், தன் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கவனம் செலுத்தும் பரம்பரைக் குணத்தைக் காட்டினான் என்று கதைசொல்லி எழுதுகிறார். அந்த இடத்தில் பழிபோட மனைவி உயிரோடு இல்லை. உங்கள் வாதத்துக்கு அதைவிட வலுவான பகுதி கதையில் இல்லை என்பது என் எண்ணம்.